பழைய பயண ஜூம் கேமரா ஒன்றைத் தேர்ந்து வாங்கிச் சீர்செய்த பதிவு

பழைய பயண ஜூம் கேமராவுக்குப் பணம் கொடுப்பவர் வாங்குவது, அதன் லென்ஸ் குழாயின் எஞ்சிய ஆயுளைத்தான். விற்பனை விளம்பரத்தில் மெகாபிக்சலும் 4கே காணொளியும் முதலில் வந்து நிற்கும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய குழாய்கள் சிறு மோட்டாரின் வலுவில் வெளியே நீண்டு, உள்ளிருக்கும் கண்ணாடிகளை மயிரிழை பிசகாமல் நேர்க்கோட்டில் நிறுத்தி, வேலை முடிந்ததும் சட்டைப்பை அளவுக்குள் மீண்டும் ஒடுங்குவதில்தான் இந்தக் கருவியின் உயிர் இருக்கிறது. அந்தக் குழாய் கெட்டுப்போனால், அதைச் சரிசெய்யும் கூலி பெரும்பாலும் பழைய கேமராவின் விலையையே எட்டிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் ஒரு கேமராவைத் தேடி, சோதித்து, வாங்கி, ஒழுங்குபடுத்திய முறையை, சோதனைகளுக்கே கூடுதல் இடம் கொடுத்து இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்கு வேண்டியது இரண்டு விதமான படங்களுக்கான கருவி. ஈஸ்டரை ஒட்டி, கேட்டோ மேனர் பகுதியின் அம்பலவாணர் ஆலயத்தில் நடக்கும் தீமிதியையும் தைப்பூசக் காவடியையும் கூட்டத்துக்குள் முட்டிமோதாமல் சற்றுத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். அந்தி மயங்கும் வெளிச்சத்திலும் முகங்கள் தெளிவாக இருக்க வேண்டும். குடும்பத்தோடு வடக்கே ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி காட்டுக்குப் போகும்போது, காரின் சன்னலிலிருந்தே காண்டாமிருகத்தையும் எருமையையும் எடுக்கவும் அதே கருவி உதவ வேண்டும். பெரிய கேமராவையும் நீள லென்ஸையும் கோயிலுக்குத் தூக்கிச் செல்வது எனக்கு உவப்பானதன்று. எடுக்கப்படுபவர் பக்தியோடு நிற்கும்போது அவர் கண்ணுக்கு நேரே பெரிய குழாயை நீட்டுவது மரியாதைக் குறைவாகவே எனக்குப் படுகிறது.

பயண ஜூம் கேமராக்களில் இரண்டு இனங்கள் உண்டு. இவற்றுள் எது நமக்குத் தேவை என்பதை விலை பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. முதல் இனம் 30 மடங்கு, 40 மடங்கு ஜூம் கொண்டது. கீழே வரும் மி.மீ. எண்கள் லென்ஸின் குவிய நீளத்தைக் குறிப்பவை; எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது நெருங்கித் தெரியும். 2018இல் வந்த கேனன் எஸ்எக்ஸ் 740 எச்எஸ் 24 மி.மீ. தொடங்கி 960 மி.மீ. வரை எட்டும், அதே ஆண்டின் சோனி எச்எக்ஸ் 99, 24 முதல் 720 மி.மீ. வரை எட்டுவதோடு கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் உடையது. 2017இல் வந்த பானாசோனிக்கின் லூமிக்ஸ் டிஇசட் 90உம் இந்த வரிசையில் சேரும். இவற்றின் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ. அளவினது. இரண்டாம் இனத்தில் ஜூம் குறைவு, சென்சார் பெரிது. 2016இல் வந்த லூமிக்ஸ் டிஇசட் 100 பத்து மடங்கு மட்டுமே, அதாவது 25 முதல் 250 மி.மீ. வரை மட்டுமே ஜூம் செய்யும். ஆனால் ‘ஓரங்குலம்’ என்று பெயரளவில் அழைக்கப்படும் அதன் சென்சார் 13.2 × 8.8 மி.மீ. பரப்புக் கணக்கில் முதல் இனத்தைவிட இது நான்கு மடங்குக்கும் சற்று அதிகம். லென்ஸின் திறப்பு ஒன்றாக இருக்குமானால் நான்கு மடங்கு ஒளி, அதாவது இரண்டு ஸ்டாப் வேறுபாடு கிடைக்கிறது (ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்). சிறு சென்சாரில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு எண் 800இல் தோன்றும் மணல்மணலான தோற்றம், இதில் ஏறத்தாழ ஐஎஸ்ஓ 3200இல்தான் தோன்றும்.

பறவைகளே ஒருவருக்குக் குறி என்றால், பகல் வெளிச்சத்தில் 720 மி.மீ. தரும் நெருக்கத்தை 250 மி.மீ. ஒருநாளும் தராது, அவர் முதல் இனத்தையே வாங்க வேண்டும். எனக்கோ அந்தி வெளிச்சம் முதன்மையானது. மேலும் 20 மெகாபிக்சல் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து 500 மி.மீ.க்கு நிகரான நெருக்கத்தைப் பெற்றாலும் 5 மெகாபிக்சல் மிஞ்சும்; வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட அது போதும். ஆகவே டிஇசட் 100 என்று முடிவு செய்தேன். இதே கேமரா வட அமெரிக்காவில் இசட்எஸ் 100 என்றும், ஜப்பானில் டிஎக்ஸ் 1 என்றும் விற்கப்பட்டது. பழைய பொருள்களில் இப்பெயர்கள் கலந்தே வருகின்றன. ஜப்பானியச் சந்தைக்கென்று செய்த கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருப்பது வழக்கமாதலால், விலை மலிவாகத் தெரியும் ஒன்றைக் கண்டால் மெனுத் திரையின் படம் ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேட்பது கட்டாயம்.

எங்கே வாங்குவது என்பதில் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஒரு தெளிவான கோடு போட்டிருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வணிகமாக விற்பவரிடம் வாங்கிய பொருள் தரக்குறைவானதாக இருந்தால், ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பழுதுபார்ப்போ மாற்றுப்பொருளோ பணமோ கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும்; ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று விற்பவர் வெளிப்படையாகச் சொல்லி, நாம் ஒப்புக்கொண்டு வாங்கிய குறைக்கு அந்த உரிமை இல்லை. 2009ஆம் ஆண்டின் பழைய பொருள்கள் சட்டமோ, அவற்றை வாங்கி விற்கும் கடைக்காரர் காவல்துறையில் பதிவு செய்து, தமக்கு விற்றவரின் அடையாள விவரங்களையும் ஏட்டில் குறித்துவைக்க வேண்டும் என்கிறது. திருட்டுப் பொருள் நம் கைக்கு வராமல் இருக்க இது பெரிய காப்பு. தம் வீட்டுக் கேமரா ஒன்றை மட்டும் விற்கும் தனி மனிதரிடம் வாங்கும்போது அந்த ஆறு மாத உரிமை கிடையாது. விலை குறையும், சோதிக்கும் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழும். எனக்குச் சோதிக்கத் தெரியும் என்பதால் தனி மனிதரிடம் வாங்கத் துணிந்தேன். தெரியாதவர் சற்றுக் கூடுதல் விலை கொடுத்துப் பதிவு பெற்ற கடையில் வாங்குவதே அறிவுடைமை.

முதலில் பார்த்தது 30 மடங்கு ஜூம் கொண்ட வேறொரு கேமரா. கண்ணுக்குப் புதிதாகவே தெரிந்தது. ஆனால் லென்ஸை வானை நோக்கி நிமிர்த்தி ஜூம் செய்தபோது குழாய் பாதி வழியில் தயங்கி நின்று பிறகே நகர்ந்தது. தரையை நோக்கிக் கவிழ்த்தபோது தடையின்றி ஓடியது. கிடையாகப் பிடித்தபோது அந்தத் தயக்கம் தெரியவில்லை. குழாயின் பற்சக்கரமோ வழிகாட்டிப் பள்ளமோ தேய்ந்திருந்தாலும், மணல் துகள் புகுந்திருந்தாலும், தன் எடையையே எதிர்த்து ஏறும்போதுதான் மோட்டார் திணறும். டர்பனில் கடற்கரைக்குப் போகாத கேமரா அரிது. மணல்தான் முதல் சந்தேகம். நிமிர்த்தியும் கவிழ்த்தும் பக்கவாட்டில் சாய்த்தும் முழு ஜூமையும் ஓட்டிப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வேறெதையும் செய்ய நேரமில்லாதவர் இதை மட்டுமாவது செய்ய வேண்டும். அந்தக் கேமராவை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தம் டிஇசட் 100ஐ விற்பதாகத் தெரிந்து அவர் வீட்டுக்கே போனேன். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துவரப் புறப்பட்டபோது வாங்கியது என்றும், திரும்பிய பின் கைப்பேசியே போதுமென்று இழுப்பறையில் வைத்துவிட்டதாகவும் சொன்னார். “ஆன்ட்டி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கச் சற்று நேரம் ஆகும், பரவாயில்லையா?” என்று கேட்டேன். “நன்றாகப் பார்த்துக்கொள் தம்பி, பிறகு குறை சொல்லக்கூடாது” என்று சொல்லித் தேநீர் வைக்கப் போனார். அவசரப்படுத்தாத விற்பனையாளர் கிடைப்பது பெரும் பேறு. என்னுடைய மெமரி கார்டும், அதைப் படிக்க மடிக்கணினியும், ஒரு சிறு டார்ச் விளக்கும் கொண்டுபோயிருந்தேன். கேமராவின் திரையில் மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது. அந்தச் சிறு திரையில் எல்லாப் படமும் கூர்மையாகவே தெரியும்.

முதலில் வெளிப்புறம். லென்ஸைச் சுற்றிய வளையத்தில் நெளிவு இருந்தால் கேமரா முகங்குப்புற விழுந்திருக்கிறது என்று பொருள். அடிப்பக்கத் திருகுகளின் தலையில் சிராய்ப்பு இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். இரண்டும் இல்லை. லென்ஸை மூன்று நிலைகளிலும் ஓட்டினேன். ஒலி சீராக இருந்தது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து லென்ஸுக்குள் பார்த்தேன். பூஞ்சை பிடித்திருந்தால் சிலந்தி நூல்போல் கிளை விரித்து மின்னும். ஈரக்காற்று வீசும் இந்த ஊரில் இழுப்பறையில் கிடந்த கேமராவுக்கு அது வந்தே இருக்கலாம் என்ற அச்சத்தோடுதான் பார்த்தேன். இல்லை. ஓரிரு தூசிப் பொட்டுகள் முன்கண்ணாடியின் பின்புறம் தெரிந்தன. லென்ஸுக்குள் இருக்கும் அத்தகைய தூசி படத்தில் விழாது. அதைக் காரணம் காட்டி நல்ல கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை.

படத்தில் விழுவது சென்சாரின் மேல் அமர்ந்த தூசி. நீண்டு சுருங்கும் குழாய் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது, கொல்லன் துருத்தியைப்போல. காற்றோடு தூசியும் போகிறது. லென்ஸைக் கழற்ற முடியாத எல்லாச் சிறு கேமராவுக்கும் பொதுவான இயல்பு இது. சென்சார் பெரிதாக இருப்பவற்றில் கூடுதலாகக் கண்ணில் படும். கண்டுபிடிக்கும் முறை எளிது. ஜூமை முழுவதும் நீட்டி, திறப்பைக் கேமரா அனுமதிக்கும் மிகச் சிறிய அளவான எஃப் 8இல் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்) வைத்து, ஃபோகஸைக் கையால் மிக அருகுக்குத் திருப்பி, மேகமற்ற வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுக்க வேண்டும். தூசி உட்காருவது சென்சாரை மூடிய மெல்லிய கண்ணாடியின் மேல். திறப்பு பெரிதாக இருக்கும்போது பல கோணங்களிலிருந்து வரும் ஒளி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. திறப்பு சுருங்கியதும் ஒளி ஏறக்குறைய ஒரே திசையில் வருவதால் நிழல் அழுத்தமாக விழுகிறது. படத்தை மடிக்கணினியில் திறந்து, கான்ட்ராஸ்ட்டை மிகுதியாக ஏற்றிப் பார்த்தேன். இடப்பக்க மேல் மூலையை ஒட்டிச் சாம்பல் நிற வட்டம் ஒன்று தெரிந்தது. எஃப் 5.9இல் எடுத்த படத்தில் தேடினால் மட்டுமே புலப்பட்டது, 25 மி.மீ.யில் எஃப் 4இல் அறவே இல்லை. ஆன்ட்டியைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். மறைத்து வைத்துப் பிறகு விலையில் மடக்குவது எனக்குப் பிடிக்காது.

அடுத்தது லென்ஸ் நேராக நிற்கிறதா என்ற சோதனை. எங்கள் ஊர் வீடுகளுக்குப் பூச்சில்லாத செங்கல் சுவர் வழக்கம். அதைவிடச் சிறந்த சோதனைப் பலகை தேவையில்லை. மதில் சுவருக்கு நேர் எதிரே, சமதளத்தில் நாற்காலி போட்டு அதன் மேல் கேமராவை வைத்து, இரண்டு விநாடித் தாமதத்தில் 25, 50, 100, 250 மி.மீ.களில் எடுத்தேன். நான்கு மூலைகளையும் ஒப்பிட வேண்டும். எல்லா மூலையும் ஒரே அளவில் சற்று மென்மையாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயற்கை. அகலக் கோணத்தில் வளைவைக் கேமராவே மென்பொருளால் நிமிர்த்துவதாலும் மூலைகள் மென்மையாகும். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் பூசினாற்போலவும் இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்துவிட்டது. அதை வீட்டில் திருத்தவே முடியாது. இதில் நான்கு மூலையும் ஒத்திருந்தன. 250 மி.மீ.யில் பொத்தானைப் பாதி அழுத்திக் கையில் பிடித்தபோது படம் அமைதியாக மிதந்தது. நொடியில் 60இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்த செங்கல்கூட இரட்டிப்பாகவில்லை. ஆட்டத்தடுப்பு நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே போதிய சான்று.

மற்றவை விரைவில் முடிந்தன: ஃபிளாஷ், தொடுதிரையின் நான்கு ஓரங்கள், ஒவ்வொரு பொத்தான், வைஃபை, பேட்டரிக் கதவின் கொக்கி, ஐந்து நிமிடக் காணொளியில் ஒலி. வியூஃபைண்டரில் கண்ணை வேகமாக நகர்த்தினால் வானவில் நிறங்கள் சிதறித் தெரியும். அது அந்த வகைத் திரையின் இயல்பே ஒழியப் பழுதன்று. உள்ளங்கையால் லென்ஸை மூடி எடுத்த இருட்டுப் படத்தில் அணையாமல் எரியும் புள்ளிகள் இல்லை. கோப்பின் பெயர் பி 102 என்று தொடங்கி இருந்தது. லூமிக்ஸ் கேமராக்களில் கோப்புறை எண் 100இல் தொடங்கி, 999 படத்துக்கு ஒருமுறை ஏறுவதால், மூவாயிரத்துக்கும் குறைவான படங்களே எடுக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம். ஆனால் மெனுவில் அந்த எண்ணை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவைக்க முடியும் என்பதால், தேய்வில்லாத பொத்தான்களையும் பளபளப்பு மாறாத கைப்பிடியையும் சேர்த்துப் பார்த்தே அதை நம்பினேன்.

குறை என்று சொல்லத்தக்கவை அந்தத் தூசியும், சற்று ஒட்டிக்கொண்டு திரும்பிய ஜூம் நெம்புகோலும், முழுதாக ஏற்றியதாகச் சொன்ன பேட்டரி சோதனை முடிவதற்குள் பாதிக்கு இறங்கியதும்தான். அவர் கேட்டது 5,500 ராண்ட். புதுப் பேட்டரியின் விலையையும் தூசியையும் எடுத்துச் சொல்லி 4,800 என்றேன், ஒப்புக்கொண்டார். கார்டில் இருந்த அவருடைய பயணப் படங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து, கேமராவில் பதிந்திருந்த வைஃபை விவரங்களையும் அவர் முன்னிலையிலேயே அழித்தேன். விற்பவர் நினைக்காவிட்டாலும் வாங்குபவர் இதைச் செய்துகொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எடுத்த முதல் முடிவு, கேமராவைத் திறப்பதில்லை என்பது. ஃபிளாஷுக்கான மின்தேக்கி 300 வோல்ட் அளவுக்கு மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே அடங்கிவிடுவதில்லை. தெரியாமல் விரல் பட்டால் கடுமையான அதிர்ச்சி. அதோடு, சென்சார் லென்ஸ் கட்டின் பின்னால் துல்லியமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கழற்றி மாட்டும்போது அது சிறிது சாய்ந்தால், செங்கல் சுவர்ச் சோதனையில் தேறிய கேமரா அதே சோதனையில் தோற்றுவிடும். ஒரு தூசிக்காக அந்த விலை கொடுக்கக் கூடாது.

தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கொண்டு முயன்றேன். இயந்திரத்தை மிகக் குறைந்த வலுவில் வைத்து, குழாயின் வாயை லென்ஸின் முகத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, இடைவெளியைக் கைவிரல்களால் தளர்வாக வளைத்துப் பிடித்தேன். முழுவதும் அடைத்துவிட்டால் உறிஞ்சும் விசை மெல்லிய மூடித்தகடுகளைப் பெயர்த்துவிடும். அப்படியே கேமராவை இயக்கி ஜூமை முன்னும் பின்னுமாக ஓட்டி, நிறுத்தி, மறுபடியும் வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தேன். முதலில் எந்த மாற்றமும் இல்லை. பின்னர் வட்டம் இடம் பெயர்ந்து சட்டகத்தின் விளிம்புக்கு நகர்ந்தது; மேலும் ஓட்டியபோது மறைந்தது. இந்த முறையில் கேமரா கெடும் வாய்ப்பு இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எஃப் 8ஐத் தவிர்த்தாலே தூசி கண்ணில் படாத நிலையில், துணிவில்லாதவர் அப்படியே விட்டுவிட்டுத் தேவைப்படும் படத்தில் மட்டும் மென்பொருளால் துடைத்துக்கொள்ளலாம்.

நெம்புகோலுக்குப் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் அதன் இடுக்கைச் சுற்றித் துடைத்தேன். கைவியர்வையும் களிம்பும் கரைந்து பஞ்சு கறுத்தது. உலர்ந்தபின் நெம்புகோல் தளர்வாகத் திரும்பியது. பேட்டரியின் வகை டிஎம்டபிள்யூ–பிஎல்ஜி 10. தயாரிப்பாளர் கணக்குப்படி ஒரு முழு ஏற்றத்தில் சுமார் 300 படம் வர வேண்டும். பழையது அதில் பாதியைக்கூடத் தாங்கவில்லை. வீங்கவில்லை என்பதால் அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வாங்கினேன். மைக்ரோ யூஎஸ்பி வழியாகக் கேமராவிலேயே ஏற்ற முடிவதால் தனிச் சார்ஜர் வேண்டியதில்லை. மின்வெட்டு நாளில் பவர் பேங்க்கே போதும். நெடுநாள் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமரா தேதியை மறந்திருந்தது. ஏற்றிய பேட்டரியை ஒரு நாள் முழுவதும் உள்ளேயே விட்டதும் உள்ளிருக்கும் சிறு மின்கலம் நிரம்பி, தேதி நிலைத்துவிட்டது.

ஹ்லுஹ்லுவேயில் சாலையோரம் மேய்ந்த வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு 250 மி.மீ. தாராளமாகப் போதுமானது, எதிர்க்கரையில் நின்ற மீன்கொத்திக்குப் போதவில்லை. இரண்டையும் எதிர்பார்த்தே வாங்கியதால் வருத்தமில்லை. எருமை தலையை உதறும் கணத்தைப் பிடிக்க, நொடிக்கு 30 படம் எடுக்கும் 4கே புகைப்பட முறை உதவியது. அதில் கிடைப்பது 8 மெகாபிக்சல் மட்டுமே என்பதை நினைவில் வைத்து, வெட்டாமல் பயன்படுத்தும்படி சட்டகத்தை நெருக்கமாக அமைக்க வேண்டும். கோயிலில் அந்தி நேரத்தில், ஐஎஸ்ஓ 1600இல், ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுத்த படங்களில் தழலின் செம்மையும் பக்தர்களின் முகச்சாயலும் ஒருசேர நின்றன. முழு ஜூமில் திறப்பு எஃப் 5.9 ஆகச் சுருங்குவதால், அந்த வெளிச்சத்தில் ஜூமைப் பாதிக்கு மேல் நீட்டாமல் இரண்டு அடி முன்னே நகர்வதே நல்ல படம் தருகிறது.

வைத்துப் பேணுவதில் டர்பனுக்கென்று ஒரு கவனம் வேண்டும். கோடையில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். 60ஐத் தாண்டினாலே லென்ஸில் பூஞ்சை வளர வழி உண்டு. தோல் உறையும் துணிப்பையும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்றில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கிறேன். நிறம் மாறியதும் மணிகளை அடுப்பில் மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடியும் போடலாம். அதோடு, அவ்வப்போது வெளியே எடுத்துக் குழாயை ஓட்டி, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பார்த்து, வெள்ளைச் சுவரையும் செங்கல் சுவரையும் எடுத்து, வாங்கிய அன்று எடுத்த படங்களோடு ஒப்பிட்டு வருகிறேன். இதுவரை மூலைகள் ஒத்தே நிற்கின்றன. வலப்பக்க ஓரத்தில் புதிதாகத் தூசி ஒன்று வந்திருக்கிறது, எஃப் 8இல் மட்டும் தெரிகிறது. அதை இப்போதைக்குத் தொடுவதாக இல்லை.